கணினித் தெரிவு வினவல்

வலையமைப்பிலுள்ள கணினிகளுள் வேண்டியவற்றைப் பெயர் சொல்லாமல், செயலி வகை, இயங்குதளம், நினைவக அளவு, சுமை முதலிய பண்புகளைச் சொல்லித் தேர்ந்தெடுக்கும் முறை. கணினிகள் பத்தோ இருபதோ இருந்த காலத்தில் இதற்குத் தேவை எழவில்லை.

முன்வரலாறு: இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் கணினிப் பட்டியல் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே செயலியையும் இயங்குதளத்தையும் குறித்தது. 1987இல் வந்த, இணையப் பெயர்களைக் கையாளும் டிஎன்எஸ் முறையின் வரையறை இதே தகவலுக்கு ‘ஹெச்இன்ஃபோ’ என்ற பதிவை வைத்தது. பெயரைக் கொடுத்துப் பண்பை அறியலாம். பண்பைக் கொடுத்துப் பெயரைப் பெற அதில் நடைமுறைக்கு உதவும் வழியில்லை. எனவே இதைத் தொடக்கமாகக் கொள்வது ஐயத்துக்குரியது. 1982இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஷாக், ஹப் இருவரும் விவரித்த ‘புழு’ நிரல்கள் சும்மா இருக்கும் கணினிகளைத் தேடிப் பிடித்தன. அவை கேட்ட பண்பு அது ஒன்றே.

கொண்டர்: முழுமையான வினவல் முறையை விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் கொண்டர் திட்டத்தில் காண்கிறோம். லிட்ஸ்கவ், லிவ்னி, முட்கா மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, பிறர் மேசையில் சும்மா கிடக்கும் கணினியில் நீண்ட கணக்குகளை ஓட்டுவதைப் பற்றியது. கணினிக்கு உடைமையாளர் ஒருவர் உண்டு. அவர் திரும்பி வந்தால் விருந்தாளி நிரல் விலகிக்கொள்ள வேண்டும். பின்வந்த வடிவமைப்பு முழுவதிலும் இந்த மரியாதையின் தடம் தெரிகிறது.

1998இல் ராஜேஷ் ராமன், லிவ்னி, சாலமன் மூவரும் ‘கிளாஸ்ஆட்’ மொழியை விவரித்தனர். நாளிதழின் வரி விளம்பரமே அதற்கு முன்மாதிரி. மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைப் போல இரு தரப்பும் தம்மைப் பற்றியும் தமக்கு வேண்டியதைப் பற்றியும் எழுதிக்கொள்கின்றன. ‘லினக்ஸ் வேண்டும், நினைவகம் 64 மெகாபைட்டுக்குக் குறையக் கூடாது’ என்று வேலை கேட்கும். ‘என் விசைப்பலகையை 15 நிமிடமாக யாரும் தொடாதிருந்தால்தான் வரலாம்’ என்று கணினி பதில் நிபந்தனை வைக்கும். இரண்டும் பொருந்தினாலே இணைப்பு. பொருந்துவோர் பலரானால், விருப்ப வரிசைக்கெனத் தனிக் கோவை உண்டு.

பண்புகளுக்கு முன்கூட்டிய பட்டியல் இல்லை. நிர்வாகி எவரும் புதியதொன்றைச் சேர்க்கலாம். அப்படியானால் கேட்ட பண்பே இல்லாத கணினியை என்ன செய்வது? நினைவக அளவைச் சொல்லாத கணினிக்கு நினைவகம் பூச்சியம் என்று கிளாஸ்ஆட் முடிவுகட்டுவதில்லை. மெய், பொய் ஆகியவற்றோடு ‘வரையறுக்கப்படாதது’ என்ற மதிப்பையும் அது வைத்திருக்கிறது. அம்மதிப்பு பொய்யோடு ‘மற்றும்’ எனச் சேர்ந்தால் பொய். மெய்யோடு ‘அல்லது’ எனச் சேர்ந்தால் மெய். நிபந்தனையின் இறுதி விடையே அதுவானால் இணைப்பு இல்லை. இவ்வளவு நேர்மையைப் பிற்காலக் கருவிகள் பலவற்றில் காண முடிவதில்லை. கொண்டர் 2012இல் ஹெச்டிகொண்டர் எனப் பெயர் மாறியது.

இந்தியாவில்: அரசு நிறுவனமான சி-டாக்கின் ‘கருடா’ கிரிட் (பகிர்வுக் கணினி வலையமைப்பு) 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைத்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் தாமரைச்செல்வி சோமசுந்தரம் குழுவினர், மெல்பர்னின் ராஜ்குமார் புய்யாவுடன் சேர்ந்து, 2006 முதல் பொருள்சார் தேடலை ஆராய்ந்தனர். ‘லினக்ஸ்’ என்று கேட்பவருக்கு ‘ஃபெடோரா’ என்று அறிவித்த கணினி சொற்பொருத்தத்தில் தப்பிவிடும். உறவுகளை அறிந்த அறிவுத்தளம் இருந்தால் நெருங்கியதைக் காட்டலாம்.

பின்னர்: பப்பெட் (2005), சால்ட் (2011) முதலிய கணினி மேலாண்மைக் கருவிகள் நிர்வாகிகளுக்காக எழுந்தன. ஓஎஸ்குவெரி (2014) கணினியையே அட்டவணைகளாக்கி எஸ்க்யூஎல் என்னும் வினவல் மொழியில் கேட்கவைத்தது. நிர்வாகிக்கு எம்மொழி எளிது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. நிரல்களைக் கணினிகளுக்குப் பங்கிடும் குபெர்னெட்டிஸ் அடையாளச் சீட்டுகளைக் கொண்டு தெரிவு செய்கிறது. கணினி தரப்பின் மறுப்பு அங்கே தெரிவுக் கோவைக்குள் இல்லை, ‘டெய்ன்ட்’ என்னும் தனி ஏற்பாடாக இருக்கிறது.