கண்ணிழந்த இசைவாணர் ஹெல்முட் வால்ஹா

ஜொகூர் நாட்டில் கூலாய் தொட்டுச் சிகாமட் வரை, தமிழர் கூடிப் பஜனை பாடும் இடங்களில் ஆர்மோனியப் பெட்டியைக் காணலாம். ஒரு கை துருத்தியை அசைக்க, மறு கை கட்டைகளை அழுத்த, உள்ளிருக்கும் நாக்குகள் காற்றால் துடித்து ஒலிக்கும். இப்பெட்டிக்கு மேனாட்டில் பெரிய உறவினர் ஒருவர் உண்டு, அவரே ஆர்கன். மாதாகோயிற் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அக்கருவியில் உலோகக் குழல்களும் மரக் குழல்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும். கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகள். கால்களுக்கும் தனியே ஒரு வரிசை. ஹார்ப்சிகார்டு என்பது வேறொன்று, பியானோவுக்கு முற்பட்டது. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கும். இதிலோ, வீணையை நகம் மீட்டுதல் போலச் சிறு அலகு தந்தியைச் சுண்டும். இவ்விரு கருவிகளுக்கும், இவை கோலோச்சிய பரோக் காலத்து இசைக்கும் தம் வாழ்நாளை ஈந்த ஜெர்மானியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஹெல்முட் வால்ஹா 1907-ஆம் ஆண்டு அக்டோபர் 27-இல் லைப்சிக் நகரிற் பிறந்தார். யோகான் செபாஸ்தியன் பாக் 1723 முதல் தாம் மறைந்த 1750 வரை இசைப்பணி புரிந்த நகரம் அது. வால்ஹாவுக்கு அம்மை குத்தியதன் பின்விளைவாகக் கண் கெட்டு, இருபது வயது நிரம்புமுன் பார்வை முற்றும் போயிற்று. இதைப் படித்து, 'அம்மை குத்துவதே தீது' என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. இத்தகைய கேடு மிக மிக அரிது. பெரியம்மையோ கோடிக்கணக்கானோரைக் கொன்று, பிழைத்தவருள் பலரைக் குருடாக்கிய நோய். வேப்பிலையாலும் கூழாலும் ஒழியாத அந்நோய் அம்மைப்பாலினால் ஒழிந்தது. ஒழிந்ததென 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கண் போன பிள்ளையை லயத்து வீட்டு மூலையில் உட்காரவைத்து, 'தலையெழுத்து' என்று பெருமூச்செறிவது நம்மவருள் பலரது வழக்கமாயிருந்தது. லைப்சிக்கிலோ அப்பிள்ளை இசைக்கல்லூரிக்குப் போயிற்று. புகழ்பெற்ற குந்தர் ராமின் அவருக்கு ஆசிரியரானார். 1929-இல் பிராங்க்பர்ட் நகரக் கோயிலொன்றில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்த வால்ஹா, பின்னர் அந்நகரை விட்டுப் போகவேயில்லை. 1938-இல் அங்குள்ள இசைக்கல்லூரியிற் பேராசிரியரும் ஆனார்.

அவர் கற்ற முறைதான் வியப்புக்குரியது. அதனை உணரப் பாக்கின் இசை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பஜனையில் தலைவர் ஓரடி பாடி முடித்த பின்னரே மற்றவர் அதைத் திருப்பிப் பாடுவர். இங்கோ, அவர் ஓரடியைப் பாடியதும் இரண்டாமவர் அதே அடியை வேறு சுருதியில் எடுக்கிறார். தலைவரோ நிற்காமல் வேறொன்றைப் பாடிச் செல்கிறார். மூன்றாமவரும் நான்காமவரும் அவ்வாறே புகுகின்றனர். ஆயினும் இசை குழம்பவில்லை என்று எண்ணிப் பாருங்கள். பியூக் என்பது இதுவே. நால்வர் பாட்டையும் ஒருவரே பத்து விரலாலும் இரு காலாலும் வாசித்தல் வேண்டும்.

கண்ணுள்ளவர் ஏட்டைப் பார்ப்பர். தடவிப் படிக்கும் எழுத்தும் அப்போது இருந்தது. அதனை அமைத்த லூயி பிரெயில் தாமே பாரிசில் ஆர்கன் வாசித்தவர். ஆனால் வால்ஹா பெரிதும் செவியையே நம்பினார். முதலில் தாயாரும், பின்னர் மனைவியாரும் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசிக்க, அவர் கேட்டு மனத்திற் பதித்துக்கொள்வார். பிறகு நான்கையும் உள்ளத்திலேயே இணைப்பார். பாக்கின் ஆர்கன் இசை முழுவதையும் இவ்வாறே மனப்பாடம் செய்தார். தம் மாணவரையும் அவர் எளிதில் விடவில்லை: மூன்று குரல்களை வாசித்துக்கொண்டே நான்காவதை வாயாற் பாட வேண்டும்! கடல் கடந்து அமெரிக்காவிலிருந்தும் பலர் வந்து அவரிடம் கற்றனர்.

உலகப்போர் முடிந்தபின், 1946-இல் பிராங்க்பர்ட்டின் மூவரசர் கோயிலில் பணியேற்றார். அடுத்த ஆண்டு, குண்டுவீச்சில் நொந்துபோயிருந்த லூபெக் நகரில், தப்பிப் பிழைத்த பழைய ஆர்கன் ஒன்றில் அவர் வாசித்ததை இசைத்தட்டுக்குப் பதிவு செய்யத் தொடங்கினர். பின்னர் காப்பெல் என்னும் சிற்றூரில், ஆர்ப் ஷ்னிட்கர் 1680-இல் அமைத்த ஆர்கனிலும் பதிவு நடந்தது. இத்தொகுப்பு 1952-இல் முடிந்தது. 1956 முதல் 1971 வரை மீண்டும் ஒரு முறை பாக்கின் ஆர்கன் இசையைப் பதிவு செய்தார். ஹார்ப்சிகார்டில் பாக்கின் நாற்பத்தெட்டுப் பியூக்குகளையும் அவற்றின் முன்னிசைகளோடு வாசித்துத் தந்தார்.

அவர் வாசிப்பு உலர்ந்தது என்பாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒவ்வொரு குரலும் தனித்தனியே காதில் விழுமாறு வாசிப்பவர் ஆரவாரத்தை எங்ஙனம் நாடுவார்? ஆனால் மாக்ஸ் ரெகர் என்னும் பிற்கால இசைவாணரின் ஆர்கன் இசையைக் கடுமையாகத் தாக்கி எழுதித் தம் பாடத்திட்டத்தினின்றும் விலக்கியது நமக்கு உடன்பாடன்று. தமக்குப் பிடியாததை மாணவர் கேளாமற் செய்தல் ஆசிரியர்க்கு அழகாகாது.

1981-இல் ஓய்வு பெற்ற வால்ஹா, 1991 ஆகஸ்டு 11-இல் பிராங்க்பர்ட்டிற் காலமானார். அவரது இரண்டாம் இசைத்தொகுப்பில் ஓர் அரிய பகுதி உண்டு. பாக் தம் முதுமையிற் கண் மங்கி, 1750-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கில வைத்தியர் இருமுறை கண்ணை அறுத்தும் பயனின்றிப் பார்வையிழந்து, அவ்வாண்டு ஜூலை 28-இல் மாண்டார். 'பியூக் கலை' என்னும் அவரது பெருநூலின் இறுதிப் பியூக் பாதியில் நின்றது. அதற்கொரு முடிவைத் தாமே இயற்றிய வால்ஹா, அத்தொகுப்பில் அதனை வாசித்திருக்கிறார்.