பொதுமனையின் கதை

யாழ்ப்பாணத்திலே கள் விற்கும் இடத்தைத் தவறணை என்பர். அச்சொல் தமிழ்ச் சொல்லன்று. போத்துக்கேயர் மொழியில் ‘தவேர்னா’ என வழங்கிய சொல்லே நம் நாவிலே தவறணையாயிற்று. அதற்கும் மூலம் இலத்தீன் மொழியிலுள்ள ‘தபேர்ணா’ என்பதாகும். கடை, குடில் என்பன அதன் பழம் பொருள்கள். உரோமர் ஆண்ட நாடுகள் பலவற்றிலும் அப்பெயர் பரவிற்று. பிரித்தானியத் தீவும் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஆங்கிலேயர் தம் கிராமத்து மதுச்சாலைக்கு வேறொரு பெயரையே பெரிதும் வழங்கலாயினர். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பது அப்பெயர். ‘பப்’ என்பது அதன் குறுக்கம். தமிழிற் கூறுவதாயின் பொதுமனை எனலாம். பெயரிலே பொதுவாய் நின்ற அம்மனை உண்மையில் யாருக்கு உரியதாய் இருந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் ஆங்கிலக் கிராமத்தின் சரித்திரத்தையே ஒருவாறு கண்டுகொள்வர்.

மத்திய காலத்திலே பொதுமனை என்பது பெரும்பாலும் ஒரு குடியானவன் வீடே. முளைகட்டிய பார்லியை உலர்த்தி, நீரிலிட்டுப் புளிக்கவைத்து ‘ஏல்’ என்னும் மதுவை இல்லந்தோறும் பெண்கள் ஆக்கினர். அது சில நாளிற் கெட்டுவிடும். ஆதலின் வீட்டார் குடித்து எஞ்சியதை அயலாருக்கு விற்றனர். வாயிலிலே ஒரு கோலை நட்டு, அதன் நுனியில் இலைக்கொத்தைக் கட்டிவிட்டால் மது ஆயத்தம் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். 13 ஆம் நூற்றாண்டுச் சட்டமொன்று தானியத்தின் விலைக்கேற்ப மதுவின் விலையை வரையறை செய்தது. மதுவைச் சுவைத்து அதன் தரத்தைச் சோதிக்கும் அதிகாரிகளும் இருந்தனர். 1393 ஆம் ஆண்டில் இரண்டாம் றிச்சட் மன்னன் காலத்தில் மது விற்போர் வாயிலில் அடையாளம் தொங்கவிடுதல் கட்டாயமாக்கப்பட்டது. எழுத்தறியாத மக்கள் கண்டுணரும்பொருட்டுச் சிங்கமும் மகுடமும் வெண்மானும் பலகைகளில் இடம்பெற்றன. வெண்மான் அம்மன்னனின் சொந்தச் சின்னமாகும்.

15 ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு பூ இந்நிலையை மாற்றியது. ஒல்லாந்தர், பிளெமிஷ் மக்கள் வாழ்ந்த நாடுகளிலிருந்து ‘ஹொப்’ என்னும் கொடியின் பூவை இட்டுக் காய்ச்சும் முறை இங்கிலாந்துக்கு வந்தது. இவ்வாறு ஆக்கிய பியர் நாட்பட இருந்தும் கெடவில்லை. கெடாத பண்டத்தைப் பெருமளவில் ஆக்கித் தூரத்துக்கு அனுப்பலாம். அதற்குப் பெருமுதல் வேண்டும். ஆகவே, அடுப்பங்கரையில் மது ஆக்கிய பெண்களின் கைத்தொழில் சிறிது சிறிதாகப் பெருவணிகர் கைக்கு மாறிற்று. 1552 ஆம் ஆண்டுச் சட்டம் மதுச்சாலை நடத்துவோர் சமாதான நீதவான்களிடம் அனுமதி பெறவேண்டும் என விதித்தது. அன்று தொட்டு ஊர்ப் பொதுமனையின் விதி ஊருக்கு வெளியேயும் நிருணயிக்கப்படலாயிற்று.

ஆயினும் அதன் பயன் குறையவில்லை. திடீர் மரணம் நிகழ்ந்தால் மரண விசாரணை பலமுறை அங்கேயே நடைபெற்றது. தொழிலாளர் வாரந்தோறும் சில பென்னிகளைச் சேர்த்து, நோய்க்கும் ஈமச்செலவுக்கும் உதவும் நட்புறவுச் சங்கங்களை அங்கேயே கூட்டினர். நம் ஊர்களின் மரண சகாயச் சங்கங்கள் போன்றவை அவை. கோவிலையடுத்து, ஏழை எவனும் தயக்கமின்றி நுழையக்கூடிய கூரை அதுவே.

அக்கூரையின்கீழ்க் கண்ணீரும் இருந்தது. 1830 ஆம் ஆண்டுச் சட்டம், வரியிறுக்கும் எவரும் இரண்டு கினி கட்டணஞ் செலுத்தித் தம் வீட்டிலேயே பியர் விற்க வழிவிட்டது. ஜின் என்னும் கடுமதுவின் மோகத்தைத் தணிப்பதும் பெருவணிகரின் ஏகபோகத்தைத் தளர்த்துவதும் அதன் நோக்கங்கள். விளைவோ, பல்லாயிரம் பியர்க்கடைகள் முளைத்தமையே. 1832 இல் பிறெஸ்ரன் நகரிலே ஜோசப் லைவ்சியும் அவர் தோழரும் மதுவை அறவே துறப்பதாய் உறுதியெழுதினர். 1869 இல் நீதவான்களின் கட்டுப்பாடு பியர்க்கடைகளுக்கும் மீண்டது. 1883 இல் மதுச்சாலையில் வைத்துக் கூலி கொடுத்தலை விலக்கும் சட்டம் பிறந்தது. கூலி கைக்கு வந்த இடத்திலேயே கரைந்துபோக, வீட்டிலே பிள்ளைகள் பசித்திருந்த கொடுமையை அச்சட்டம் சொல்லாமற் சொல்கிறது.

நூற்றாண்டின் இறுதியில் வடிசாலைக் கம்பனிகள் பொதுமனைகளை விலைக்கு வாங்கின. தாம் ஆக்கிய மதுவையே விற்கவேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. முதலாம் உலகப் போர் மூண்டபோது அரசாங்கம் விற்பனை நேரத்தைக் குறைத்தது. பிற்பகலிற் கதவடைக்கும் அவ்வழக்கம் 1988 வரை நீடித்தது. வெடிமருந்துத் தொழிலாளர் திரண்டிருந்த கார்லைல் வட்டாரத்தில் 1916 இல் அரசாங்கமே மதுச்சாலைகளை வாங்கி 1973 வரை நடத்திற்று.

பின்னர் வேறு காற்று வீசலாயிற்று. தொலைக்காட்சி மக்களை வீட்டிலிருத்தியது. 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம் மதுவருந்திக் கார் ஓட்டுவோரைத் தண்டித்தது; அது நன்மையே எனினும் தூரத்துக் கிராம மதுச்சாலைக்கு வருவோர் குறைந்தனர். பேரங்காடிகள் மலிவாய் மது விற்றன. 1989 இல் அரசாங்கம் பெரும் வடிசாலைகளின் பிடியைத் தளர்த்த முயன்றபோது, பல மனைகள் வேறு கம்பனிகளின் கைக்குச் சென்றன. அக்கம்பனிகளுள் பலவற்றுக்கு அவை கட்டடச் சொத்துக்களே. 2007 இல் உள்ளே புகைத்தல் தடைசெய்யப்பட்டது. கிராமத்துக் கடையும் தபாற்கந்தோரும் பாடசாலையும் முன்னரே மூடப்பட்ட இடங்களில், இறுதிப் பொது விளக்கும் அணையலாயிற்று.

அவ்விருளிலே சில ஊரவர் புதுவழி கண்டனர். கார்லைலுக்குத் தெற்கேயுள்ள ஹெஸ்கற் நியூமாக்கற் என்னும் சிற்றூரார், 2003 இல் கூட்டுறவாகப் பணஞ் சேர்த்துத் தம் ‘பழைய மகுடம்’ மதுச்சாலையை வாங்கினர். ஒருகாலத்தில் அரசாங்கம் மதுச்சாலை நடத்திய நாட்டுப்புறத்துக்கு அருகே, ஊரவரே அதற்கு உடைமையாளராயினர். வட யோர்க்சயரிலே ஹட்ஸ்வெல் என்னும் ஊரின் ஒரே மதுச்சாலை 2008 இல் மூடப்பட்டது. ஊரவர் பங்குப்பணஞ் சேர்த்து அதனை வாங்கி 2010 இல் மீளத் திறந்தனர். அங்கே சிறுகடையும் நூல்நிலையமும் அமைந்தன; ஊரவர் காய்கறி பயிரிடச் சிறுதோட்டத் துண்டுகளும் வகுக்கப்பட்டன. மதுவைத் தொடாத மூதாட்டியும் நூல் தேடும் சிறுவனும் அவ்வாயிலில் நுழைய முடிந்தது. மதுச்சுவைஞரின் தேசிய இயக்கமொன்று 2016 ஆம் ஆண்டுக்குரிய நாட்டின் சிறந்த பொதுமனையாக அதனைத் தெரிந்தெடுத்தது. 2011 ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய முயற்சிக்குத் துணையாயிற்று. ஊருக்குப் பயன்படுவதெனப் பதிவான கட்டடத்தை உடைமையாளர் விற்க முற்படுங்கால், ஊரவர் விலைகூற முன்வந்தாற் பணந்திரட்ட ஆறு மாத அவகாசம் பெறுவர்.

இல்லத்தரசி, நீதவான், கம்பனி, அரசாங்கம் எனப் பல கைகள் மாறிய பொதுமனை, சில ஊர்களிலாவது ஊரார் கைக்கு வந்து சேர்ந்தது. மதுவின் தீமையை மறைப்பார் எவருமிலர். எனினும், மக்கள் கூடுதற்கு ஓரிடம் இல்லாத ஊர், வீடுகளின் தொகுதியாகுமேயன்றி ஊராகாது. அந்த இடத்தை மதுவோடு நூலும் கடையும் தோட்டமும் கொண்டதாக ஆக்குவதும், பூட்டிய கதவைப் பார்த்துப் பெருமூச்செறிந்து போவதும் ஊரவரின் ஒற்றுமையைப் பொறுத்தவையாம்.