கடல் நடுவே ஓரிரவுச் சந்தை

தரைநாட்டில் வாழ்வார்க்குச் சந்தை என்பது காலையிற் சென்று மாலையில் மீளும் இடமாகும். தீவில் வாழ்வார்க்கு அஃது அத்துணை எளிதன்று. எந்திரப் படகுகள் வருமுன், காற்றும் நீரோட்டமும் இசைந்தாலன்றித் தீவகத்து வள்ளங்கள் கரையைவிட்டு அகலா. அகன்ற வள்ளம் அன்றே திரும்பும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே, அயற்றீவிலே விழாவென்றால், பாயும் பானையும் அரிசியும் விறகும் உடன்கொண்டு, தங்கி வரும் கருத்தோடுதான் குடும்பங்கள் புறப்படும். கூடுதல், தங்குதல், பிரிதல் என்னும் மூன்றும் சேர்ந்ததே தீவாருக்குத் திருவிழா. இவற்றுள் நடுவிலே நிற்கும் தங்குதலை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் பயணமே என்பதை அவர்கள் நன்கறிவர்.

ஊர்காவற்றுறைக்கு மேற்கே, எழுவைதீவுக்கும் நயினாதீவுக்கும் இடையே கிடக்கும் சிறு நிலம் அனலைதீவு. புகையிலைத் தோட்டங்களும் பனங்கூடல்களும் ஐயனார் கோயிலும் அதன் அடையாளங்கள். அதன் கரையில் நின்று தெற்கே நோக்கினால் நயினாதீவு, தென்மேற்கே நெடுந்தீவு, நெடுந்தீவையும் கடந்து சென்றால், குடியிருப்பே இல்லாத கச்சதீவு. இக்கடற்பரப்பிலே எழுந்த விழாச் சந்தைகளின் வரலாறு, தீவுகளைப் பிரிப்பதுபோல் தோன்றும் கடலே அவற்றை இணைக்கும் பெருந்தெருவாகவும் இருந்தது என்பதற்குச் சான்று.

இத்தெரு மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் உண்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும் என்றும், அவர்க்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. ஊராத்துறை என்பதே இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்குக் கலம் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே ஆணை பொறித்தான் என்பதொன்றே இத்துறையில் எம்மொழி வழங்கிற்று என்பதைக் காட்டப் போதுமானது. அயலார் வந்து கூடுமிடத்திலே நீதி இருத்தல் வேண்டும் என்ற உணர்வும் அக்கல்லிலே எழுதப்பட்டிருக்கிறது.

அரசாணை சொல்வதை மக்கள் கதை வேறு விதமாகச் சொல்லும். அனலைதீவை ஒட்டிய புளியந்தீவிலிருந்து நாகமொன்று நாள்தோறும் வாயிலே பூவை ஏந்திக் கடலை நீந்தி, நயினாதீவு அம்மனை வழிபட்டு வந்ததாம். ஒருநாள் கருடன் அதனைத் தாக்க வந்தது. நாகம் கடலிலுள்ள பாறையொன்றைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்ப்பாறையில் அமர்ந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் நாகத்துக்காக மன்றாடினான். தன் செல்வத்தைக் கோயிலுக்கு அளிப்பதாயின் விடுவேன் என்றது கருடன், அவனும் அளித்தான். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் அக்கடலில் காட்டப்படுகின்றன. இக்கதையில் வழிபடச் செல்லும் உயிரும் வாணிகம் செய்யவந்த மனிதனும் ஒரே நீரிலே சந்திக்கின்றனர். கோயிலும் சந்தையும் ஒருங்கே பிறந்தவை என்பதைத் தீவார் இவ்வாறு நினைவில் வைத்தனர். ஆனி மாதத்திலே சோளகம் வீசும் காலத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறும்போது, பூ புறப்பட்ட இடம் எங்கள் பக்கம் என்ற உரிமையோடு அனலைதீவார் செல்வதும் இக்கதை பற்றியே.

ஐரோப்பாவிலே மறுமலர்ச்சி என வழங்கும் காலத்தில் இக்கடலுக்குப் புதியோர் வந்தனர். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டனர். அவர்கள் பரப்பிய கத்தோலிக்க சமயத்தோடு, அவர்களின் தலைநகரான லிசுபனிலே 1195இல் பிறந்த புனித அந்தோனியாரின் வணக்கமும் கரையோர மக்களிடையே வேர்கொண்டது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஆர்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. அந்த றொட்டர்டாம் நகரிலே பிறந்தவர்தான் மறுமலர்ச்சிக் காலத்துப் பேரறிஞர் எராசுமசு. யாத்திரை செல்வோரின் பேதைமையை எள்ளி நகையாடும் உரையாடலொன்றை 1526இல் அவர் வெளியிட்டார். அவ்வறிஞரின் ஊர்ப்பெயரைச் சூட்டப்பெற்ற தீவினரோ யாத்திரையை விட்டாரல்லர். ஒல்லாந்தர் இட்ட பெயர்களுள் டெல்வ்ற் ஒன்றே ஆங்கில வழக்கில் நிலைத்தது. ஏனையவை பழைய படங்களிலே உறங்க, மக்கள் நாவில் அனலைதீவு அனலைதீவாகவே இருந்தது.

இனி, இக்கடலின் கடைக்கோடியில் எழுந்த விழாவைக் காண்போம். கச்சதீவின் பரப்பு 285 ஏக்கர். நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைலிலும், இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 12 கடல் மைலிலும் அது கிடக்கின்றது. குடிப்பதற்கு நன்னீர் இன்மையால் அங்கே எவரும் குடியேறவில்லை. மீனவர் வலை உலர்த்துவர், களைப்பாறுவர், பின் போய்விடுவர். அத்தகைய தீவிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார் அந்தோனியாருக்குச் சிறு கோயிலொன்றை அமைத்தார். ஆண்டு முழுவதும் ஆளின்றிக் கிடக்கும் அக்கோயிலுக்கு ஆண்டிற்கொருமுறை, பெப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில், வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கும் வேளையில் திருவிழா வரும். அப்பொழுது இருகரைத் தமிழரும் அங்கே கூடுவர்.

வீடில்லாத தீவிலே விழாவெடுப்பது எவ்வாறு? ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைத் தானே சுமந்து வரவேண்டும். குடத்திலே தண்ணீர், பெட்டியிலே சோற்றுக்கு வேண்டியவை, நிழலுக்கு ஒரு பாய்ச்சீலை, இரவுக்கு ஒரு விளக்கு. வள்ளங்கள் கரையேறியதும் முட்புதர்களிடையே இடம் துப்புரவு செய்யப்படும்; மூன்று கல் அடுப்பாகும்; படகின் பாயே கூரையாகும். தங்கச்சிமடத்தார் ஒருபுறம், நெடுந்தீவார் ஒருபுறம் என அமர்ந்தாலும், தண்ணீர் தீர்ந்தவர்க்கு அயலடுப்பார் ஈவர். முதல்நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, வழிபாடு, இரவிலே தேர்ப்பவனி, மறுநாட் காலையில் திருவிழாப் பூசை, கொடியிறக்கம். வெயில் ஏறுமுன் பாய் விரித்த வள்ளங்கள் இருதிசையிலும் பிரிந்துவிடும்.

இடைப்பட்ட அவ்விரவிலேதான் சந்தை. தமிழகக் கரையார் கொணர்ந்த சேலைகளும் சாரங்களும் ஒருபக்கம். இலங்கைக் கரையார் கொணர்ந்த தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் வாசனைப் பொருள்களும் மறுபக்கம். இருநாட்டு நாணயங்களும் வேறாயினும், பொருளுக்குப் பொருள் மாற்றும் பழைய முறை அங்கே கைகொடுத்தது. மணவுறவு கொண்ட குடும்பங்கள் பேரப்பிள்ளைகளை ஒருவர்க்கொருவர் காட்டியதும், காணாமற்போன படகைப் பற்றி உசாவியதும், நேர்ந்த கடனைச் செலுத்தியதும் அவ்விரவிலேதான். கத்தோலிக்கரோடு சைவரும் வந்தனர். கடலிற் செல்பவன் எந்தக் காவல் தெய்வத்தையும் புறக்கணியான்.

மக்கள் இவ்வாறு கூடிப் பிரிந்துகொண்டிருக்க, அரசுகள் அத்தீவை வேறு கண்ணோடு நோக்கின. 1921இல் சென்னை அரசும் இலங்கை அரசும் கடலெல்லை பற்றிப் பேசியபோதே கச்சதீவு யாருக்கு என்ற வினா எழுந்துவிட்டது. இராமநாதபுரம் சமீன் அதனைத் தன்னதென்றது, இலங்கையும் தன்னதென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அதனைப் பீரங்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. முடிவில் 1974 யூன் 26, 28 ஆகிய நாட்களில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி தீவு இலங்கையின் பக்கம் நின்றது.

அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை சிறியது. ஆயினும் வரலாற்று மாணவன் ஊன்றி நோக்கத்தக்கது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுகாறும் சென்றுவந்தவாறே கச்சதீவுக்குச் சென்று வரலாம். அதற்குப் பயணப் பத்திரமோ விசாவோ இலங்கை கேட்கமாட்டாது என்பது அதன் கருத்து. மீன்பிடி உரிமை பற்றிய வாதங்கள் 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு வேறு வழியில் திரும்பின. எனினும் யாத்திரிகர்க்குரிய சொல் அழியவில்லை. இரு பெரும் அரசுகள், ஓரிரவு மணலிலே படுத்துறங்கும் ஏழை மக்களின் வழக்கத்துக்கு உடன்படிக்கையில் இடமளித்தமை சிறப்பன்றோ?

ஆனால், ‘முன்போல’ என்று சட்டம் சொல்லும்போது, முன்பு எவ்வாறிருந்தது என்பதை யார் சொல்வது? சட்டம் அதனை விரித்துரைக்கவில்லை. மக்களின் நினைவையே நம்பி நின்றது. அந்நினைவுக்கு விரைவிலே சோதனை வந்தது. 1983இல் மூண்ட போரினால் கடல் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருகரை மக்களும் கூடும் விழா இல்லை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் மீண்டும் கூடத் தொடங்கியபோது, சிறுவராய்ச் சென்றவர்கள் நடுவயதினராய் இருந்தனர். கையில் தண்ணீர்க்குடத்தோடு அவர்களை அழைத்துச் சென்ற முதியோர் பலர் மறைந்துவிட்டனர். 2009இல் போர் முடிந்தபின் கூட்டம் பெருகிற்று. பழைய கோயிலருகே இலங்கைக் கடற்படையினர் கட்டிய புதிய கோயில் 2016 டிசெம்பரில் திறக்கப்பட்டது. தண்ணீரும் விளக்கும் கொட்டகையும் இப்பொழுது அதிகாரிகளின் ஏற்பாட்டில் அமைகின்றன. இவை நன்மைகளே. ஆயினும் பெயர்ப்பதிவும் சுங்கச் சோதனையும் உடன்வந்தன. பழைய பண்டமாற்றுச் சந்தை சுருங்கிற்று. தொற்றுநோய் காரணமாக 2021இல் யாத்திரிகர் செல்லவில்லை. மீனவர் கைதும் சிறைத்தண்டனையும் பற்றிய மனக்குறையால் 2024இல் தமிழகத்தார் விழாவைப் புறக்கணித்தனர். வடபகுதி மீனவர்க்கும் மனக்குறை உண்டு. அக்கரை இழுவைப் படகுகள் தங்கள் வலைகளையும் கடலடியையும் அழிக்கின்றன என்பது அவர் முறையீடு. 2025 மார்ச்சில் இருகரையாரும் மீண்டும் கூடினர்.

பிறநாட்டுச் செய்தியொன்று இங்கே ஒப்புநோக்கத்தக்கது. 1963 மே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, பிலிசு பாற்றர்சன் என்னும் ஆசிரியை, வானொலி நிலையமொன்றுக்கு நிதி திரட்டும் பொருட்டு மறுமலர்ச்சிக் காலச் சந்தையொன்றை நடத்தினார். மக்கள் பழைய ஆங்கிலேயர்போல உடுத்து, கைவினைப் பொருள் விற்று, கூத்தாடி மகிழ்ந்தனர். இன்று அந்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றிலே அத்தகைய சந்தைகள் நிகழ்கின்றன. கூத்தரும் வணிகரும் கூடாரமடித்து அங்கேயே தங்குகின்றனர். அவர்கள் நாடுவது தம் முன்னோர் கண்ட, தாம் காணாத ஒரு சந்தையை. நூல்களைப் படித்து, உடைகளைத் தைத்து, பேச்சு முறையைக்கூடப் பயின்று அதனை மீட்கிறார்கள். மறைந்த வழக்கத்தை மீளப் பெறுவதற்கு எத்துணை முயற்சி வேண்டும் என்பதை அவர்களிடம் கற்கலாம்.

தீவகத்தாருக்கு அத்துணை முயற்சி இன்னும் வேண்டியதில்லை. அவர்களின் சந்தை வேடம் புனைந்து ஆடப்படும் பழமையன்று. குறையுற்றும் உயிரோடு இருக்கும் வழக்கம். மூன்று கல் அடுப்பை மூட்டத் தெரிந்த கைகள் இன்னும் உள்ளன. சேலைக்கு எத்தனை போத்தல் எண்ணெய் என்று பேரம் பேசியவர்கள் சிலராவது இருகரையிலும் வாழ்கின்றனர். அவர்கள் நினைவை எழுதி வைப்பது அனலைதீவு முதலாய ஊர்களிலுள்ள பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் கைவரத்தக்க பணி. யார் எந்த வள்ளத்திற் சென்றார், எங்கே பாய் விரித்தார், எதைக் கொடுத்து எதை வாங்கினார், எவரோடு உறவு கொண்டாடினார் என்ற சிறு செய்திகளே ‘முன்போல’ என்ற சொல்லின் பொருளாகும்.

கலம் உடைந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பராக்கிரமபாகு கல்லிலே எழுதி வைத்தான். எண்ணூறு ஆண்டு கடந்தும் அதனைப் படிக்கமுடிகின்றது. கச்சதீவில் ஓரிரவு தங்கிய மக்களின் உரிமைக்குக் கல்லில்லை. அஃது ஒரு தாளிலும், மூப்படைந்துவரும் சில நெஞ்சங்களிலுமே உள்ளது. தாளை இரு அரசுகளும் காக்கும். நெஞ்சிலுள்ளதைக் காப்பது கேட்டு எழுதுவோர் கையில் இருக்கிறது. அதற்குரிய காலமோ நீண்டதன்று.