கூட்டு நிதி: கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரு கணக்கு

புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது ஆடை வடிவமைப்பு, நகை, படக்கதை, குறும்படம் என்று சொந்தக் காலில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வங்கி இலகுவில் கடன் தராது. ஈடு வைக்கச் சொத்தும் இல்லை, காட்டுவதற்கு மூன்று வருடக் கணக்கும் இல்லை. சிலர் அம்மாவின் சீட்டையும் கடனட்டையையும் நம்புகிறார்கள். வேறு சிலர் இணையத்தில் கூட்டு நிதி திரட்டுகிறார்கள். "இதிலை ஐம்பது பவுண் போடுங்கோ மாமா" என்று செய்தி வரும்போது அது நன்கொடையா, கடனா, முற்பணமா என்று விளங்கிக் கொடுப்பவர்கள் குறைவு.

நான்கு வகை

பலரிடம் சிறு தொகை சேர்ப்பது புதிதல்ல. நியூயோர்க் சுதந்திரதேவி சிலையின் பீடத்துக்கு 1885இல் ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகை மூலம் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு டொலருக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். இணையத்தில் 2008இல் இண்டிகோகோவும் 2009இல் கிக்ஸ்டார்ட்டரும் தொடங்கின.

முதலாவது வகை நன்கொடை. ஹார்வர்ட், ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைகளுக்கு நாங்கள் கொடுத்தது இந்த வகை. இரண்டாவது, பொருளுக்கான முற்பணம். மூன்றாவது கடன், நான்காவது பங்கு. பிரித்தானியாவில் கடனும் பங்கும் நிதி நடத்தை ஆணையத்தின் மேற்பார்வைக்குள் வரும், முதலிரண்டும் வராது. சுயாதீன வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டாவது வகையைத்தான். ஆகவே அதில் கொடுப்பவருக்கு லாபத்தில் பங்கு இல்லை, ஒழுங்குமுறைப் பாதுகாப்பும் குறைவு.

கிக்ஸ்டார்ட்டரில் குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேராவிட்டால் ஒருவரிடமும் காசு எடுக்கப்படாது. சேர்ந்துவிட்டால் பொருளை அனுப்பும் கடமை கேட்டவருடையது. தளம் அதற்கு உத்தரவாதம் தராது.

வென்றவரும் விழுந்தவரும்

2012இல் பெபிள் கைக்கடிகாரம் ஒரு இலட்சம் டொலர் கேட்டது. 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டொலருக்கு மேல் கொடுத்தார்கள். பொருள் பிந்தினாலும் வந்து சேர்ந்தது. 2014இல் கூலஸ்ட் கூலர் என்ற குளிர்ப்பெட்டி 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. ஆனால் ஒரு பெட்டி செய்ய ஆன செலவு, ஆதரவாளர் கட்டிய தொகையை விஞ்சியது. 2019 இறுதியில் நிறுவனம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி கிடைக்கவில்லை. அங்கே ஆதரவுக்குக் குறைவிருக்கவில்லை, விலைதான் பிழைத்தது. நட்டத்தில் விற்கும் பொருளை எத்தனை பேர் வாங்கினாலும் நட்டம்தான் பெருகும்.

ஒரு மாதிரிக் கணக்கு

200 பேர் ஆளுக்கு 50 பவுண் கட்டி ஒரு கைத்தறிப் பையை வாங்குகிறார்கள் என்று வைப்போம். சேர்ந்தது 10,000 பவுண். தளக் கட்டணம் 5 வீதம், அதாவது 500. காசு அறவிடும் கட்டணம் 3 வீதமும் ஆளுக்கு 20 பென்ஸும், அதாவது 340. மிச்சம் 9,160. ஒரு பைக்குத் தயாரிப்பு 22 பவுண், பொதியும் தபாலும் 8 பவுண் என்றால் 6,000 போய்விடும். காணொளிக்கும் மாதிரிகளுக்கும் 900 வைத்தால் கையில் 2,260. ஆறு மாத உழைப்புக்கு அதுதான் கூலி. பாதிப் பைகள் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போனால் தபால் செலவே அதையும் தின்னும். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த பிறகுதான் விலை வைக்கவேண்டும்.

வரி

பொருள் அனுப்பும்வரை வாங்கிய முற்பணம் கணக்கியலில் வருமானமல்ல, பொறுப்பு. ஆனால் பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல் தனிவணிகருக்குக் காசு அடிப்படையே இயல்பான முறை. மார்ச்சில் காசு வந்து மே மாதம் செலவு செய்தால், வரவு ஒரு வரியாண்டிலும் செலவு அடுத்ததிலும் விழும். ஏப்ரல் பிறந்த பிறகு தொடங்குவது நல்லது, அல்லது மற்ற முறையைத் தெரிவு செய்யலாம். பொருள் கொடுத்தால் அது விற்பனை. ஆகவே பெறுமதிசேர் வரிக்கான 90,000 பவுண் எல்லைக்குள் அதுவும் எண்ணப்படும். கனடாவில் அந்த எல்லை 30,000 டொலர்.

விழாவும் கடையும்

இணையத்துக்கு முன் ஒரு மேசை போட்டுப் பார்ப்பது புத்தி. ரொறன்ரோவில் 1975இலிருந்து நடக்கும் வன் ஒஃப் எ கைண்ட் கண்காட்சி கைவினைஞர்களுக்கானது. ஸ்காபரோவில் 2015இலிருந்து தமிழர் தெருவிழாவும் நடக்கிறது. இப்படியான இடங்களில் முகம் தெரியாத ஒருவர் பொருளைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, வாங்குகிறாரா என்று பாருங்கள். உறவினர் வாங்குவது அன்பு, அந்நியர் வாங்குவதுதான் சந்தை. மேசை வாடகை, பயணம், நின்ற மணித்தியாலம் எல்லாவற்றையும் செலவில் எழுதுங்கள்.

ஊரில் உள்ள நெசவாளருக்காகத் திரட்டுபவர்களுக்கு ஒன்று. கிக்ஸ்டார்ட்டரில் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. இங்குள்ள ஒருவர் தன் பெயரில்தான் தொடங்கவேண்டும். அப்படியானால் வரியும் பொறுப்பும் அவருடையவை. நெசவாளருக்கு எவ்வளவு, எப்போது என்பதை இரு தரப்பும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

கொடுக்குமுன்

மாதிரிப் பொருள் கையில் இருக்கிறதா, யார் எங்கே தயாரிக்கிறார், செலவுக் கணக்கு உண்டா, பிந்தினால் என்ன செய்வார் என்று கேளுங்கள். சீட்டில் தாய்ச்சியிடம் கேட்கும் அதே கேள்விகள்தான். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள்.

கேட்கும் பிள்ளைகள் இதற்காகத் தனி வங்கிக் கணக்குத் திறந்து, மாதம் ஒருமுறை வரவு செலவை ஆதரவாளருக்கு அனுப்பவேண்டும். பொருள் பிந்தினால் அதையும் அதிலேயே எழுதிவிடலாம். எங்கள் சனம் பொதுக் காரியத்துக்குக் கொடுக்கத் தயங்கியதில்லை, கணக்குக் கேட்கத்தான் கூச்சப்படும். கேட்குமுன் கணக்குக் காட்டும் பிள்ளைக்கு இரண்டாவது முறையும் காசு சேரும்.