புலிட்சர் பரிசும் புலனாய்வுச் செய்தியாளரும்

அதிகாரமும் பணமும் மறைத்துவைக்கும் உண்மைகளை ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டு வெளிக்கொணரும் புலனாய்வு இதழியல், அமெரிக்காவில் தனக்கென ஒரு பரிசு ஏற்படுவதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்டது. ஜோசப் புலிட்சரின் நியூயார்க் வேர்ல்டு நாளிதழுக்காக நெல்லி பிளை, 1887-இல் மனநோயாளியைப் போல நடித்துப் பெண்கள் மனநலக் காப்பகம் ஒன்றில் பத்து நாள் அடைபட்டிருந்து, அங்கு நடந்த கொடுமைகளை எழுதினார். ஆயினும் புலிட்சரின் அறக்கொடையால் 1917 முதல் கொலம்பியா பல்கலைக்கழகம் வழங்கிவரும் பரிசுகளில் புலனாய்வு என்ற பிரிவு தொடக்கத்தில் இல்லை. பொதுச் சேவைக்கான தங்கப் பதக்கமே அத்தகைய பணிக்கு வாய்த்த பெருஞ்சிறப்பு என்றாலும், அது நிருபருக்கன்றி நாளிதழுக்கே உரியதாக இருந்தது.

1921-இல் அப்பதக்கத்தைப் பெற்ற பாஸ்டன் போஸ்ட் இதழின் பணி இதற்குத் தக்க சான்றாகும். வெளிநாட்டில் மலிவாக வாங்கி அமெரிக்காவில் தபால்தலைகளாக மாற்றிக்கொள்ளத்தக்க அஞ்சல் மறுமொழிக் கூப்பன்களின் விலை வேறுபாட்டால், 45 நாளில் 50 விழுக்காடு லாபம் தருவதாகச் சார்லஸ் பொன்சி மக்களிடம் பணம் திரட்டிவந்தான். போஸ்ட் இதழின் வேண்டுகோளின்படி கணக்கை ஆராய்ந்த நிதித்துறை இதழாளர் கிளாரன்ஸ் பாரன், திரண்ட முதலீட்டுக்கு ஏறத்தாழ 16 கோடி கூப்பன்கள் தேவைப்படும் நிலையில் புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000 மட்டுமே எனக் காட்டினார். பின்னர் அவ்விதழ், பொன்சி முன்னர் மான்ட்ரியலில் மோசடிக்காகத் தண்டனை பெற்றவன் என்பதையும் 1920 ஆகஸ்டில் அம்பலப்படுத்த, மறுநாளே அவன் சரணடைந்தான்.

வாட்டர்கேட் விவகாரத்திலும் இதே விதியே நின்றது. 1972 ஜூனில் ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் புகுந்து பிடிபட்டவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்கில் 25,000 டாலர் காசோலை செலுத்தப்பட்டிருந்ததைக் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டீன் மயாமிக்குச் சென்று கண்டறிய, அவருடைய சக நிருபர் பாப் உட்வர்ட் அக்காசோலையில் பெயர் இருந்தவரைத் தொலைபேசியில் தொடர்புகொண்டு, அது அதிபர் நிக்சனின் தேர்தல் நிதிக்குத் தரப்பட்ட பணம் என்பதை உறுதிசெய்தார். ஆயினும் 1973-இல் பொதுச் சேவைப் பரிசு வாஷிங்டன் போஸ்ட் இதழின் பெயரிலேயே அறிவிக்கப்பட்டது. வழக்குச் செலவையும் அரசின் பகையையும் தாங்கிக்கொள்ளும் நிறுவனம் இல்லாமல் இத்தகைய செய்தி அச்சேறாது என்பதால், இவ்விதியில் நியாயம் இல்லாமலில்லை.

இதற்கு இணையாகத் தனிமனிதருக்கான அங்கீகாரமும் மெல்ல உருவாயிற்று. உடனடிச் செய்திக்கும், அவகாசம் எடுத்துத் துருவி எழுதும் செய்திக்கும் 1953-இல் தனித்தனிப் பரிசுகள் ஏற்பட்டன. 1964-இல் உள்ளூர்ச் செய்திப் பிரிவொன்றின் பெயரில் புலனாய்வு என்ற அடைமொழி சேர்ந்தது. 1985-இல் புலனாய்வுச் செய்தி தனிப் பிரிவாயிற்று. அவ்வாண்டு பரிசு பெற்றவர்களுள் ஒருவரான புளோரிடாவின் லூசி மார்கன், தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக 1973-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1976-இல் மாநில உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். பதக்கம் நாளிதழின் பெயரில் வழங்கப்பட்ட காலத்திலும் தண்டனை நிருபரின் பெயரிலேயே எழுதப்பட்டது; அவ்வகையில் 1985-ஆம் ஆண்டின் பரிசு, பொறுப்பும் பெருமையும் ஒருவரிடமே சேரவேண்டும் என்னும் நெறியைக் காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டதாகும்.