அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்பது, வேலையிழந்த காப்பீட்டாளர்களுக்கு இந்தியாவின் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் (இ.எஸ்.ஐ.) வழங்கும் உதவித்தொகைத் திட்டம் ஆகும். "காப்பீடு பெற்றவர் நலத் திட்டம்" என்பது இப்பெயரின் பொருள். இது 2018 சூலை 1 அன்று, இரண்டு ஆண்டுகளுக்கான சோதனைத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. பின்னர் இதன் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

பின்னணி

2005 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இராசீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா, ஆலை மூடல், ஆட்குறைப்பு, பணிசாராக் காயத்தால் ஏற்பட்ட 40 விழுக்காட்டிற்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களால் வேலையிழந்தோருக்கு மட்டுமே உரியது. 2018 ஆம் ஆண்டுத் திட்டம் இவ்வரம்பை விரிவாக்கியது. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்கள், ஓய்வு வயதை எட்டியவர்கள், தாமாகப் பணியைக் கைவிட்டவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது.

2017 சனவரி முதல் இ.எஸ்.ஐ. ஊதிய உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய் என்றானது. எனவே, தாம்பரம் ஏற்றுமதி வளாகத்திற்கோ சிறு பட்டறைகளுக்கோ வேலைக்குச் செல்லும் கீழ்க்கட்டளை, மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்த் தொழிலாளர் பலர் இதன் வரம்புக்குள் வருவர். கூடுதல் ஊதியம் பெறும் மென்பொருள் ஊழியர் பெரும்பாலும் வரம்புக்கு வெளியே நிற்பர்.

உதவித்தொகை

முதலில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த உதவித்தொகை, கொரோனா ஊரடங்கை ஒட்டி 2020 மார்ச்சு 24 முதல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாட்களுக்கு இது வழங்கப்படும். முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்த ஊதியத்தை 730 ஆல் வகுத்தால் சராசரி நாள் ஊதியம் கிடைக்கும். காட்டாக, இரண்டாண்டுகள் மாதம் 15,000 ரூபாய் பெற்றவரின் சராசரி 493 ரூபாய். அவருக்கு 90 நாட்களுக்கு ஏறத்தாழ 22,190 ரூபாய் கிடைக்கும்.

விண்ணப்பமும் தாமதமும்

வேலையிழந்து 90 நாட்களுக்குப் பின்னரே உதவி என்றிருந்த விதி 2020 இல் 30 நாட்களாகக் குறைக்கப்பட்டது. முன்னாள் முதலாளி வழியே விண்ணப்பம் வர வேண்டும் என்ற விதியும் நீக்கப்பட்டது. தொழிலாளர் இணையத்தளம் வழியே நேரடியாக விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குள் தொகை வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பது நெறிமுறை.

எனினும், தகுதியைத் தீர்மானிக்கும் ஆவணங்கள் முதலாளி பதிவு செய்தவையே. இரண்டாண்டுப் பணியுடன், வேலையிழப்புக்கு உடனடி முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களும், அதற்கு முந்தைய மூன்று காலங்களுள் ஒன்றில் 78 நாட்களும் பங்களிப்பு இருத்தல் வேண்டும். முதலாளி சில மாதங்களைப் பதியாவிட்டால் இக்கணக்கு குறையும். ஒருவர் பணியில் இல்லாத மாதத்திற்கு, "பணி விலகல்", "ஆட்குறைப்பு", "வேலையின்மை" போன்ற காரணங்களுள் ஒன்றை முதலாளியே தேர்வு செய்கிறார். ஆட்குறைப்பில் அனுப்பப்பட்டவர் "பணி விலகல்" எனக் குறிக்கப்பட்டிருந்தால், அவர் தாமாக விலகியதாகத் தோன்றும்.

பெயர் வேறுபாடு மற்றொரு தடை. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும், மற்றொன்றில் விரிவாகப் பின்னும் வருவதுண்டு. இ.எஸ்.ஐ. பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும்.

மீளாய்வு

விண்ணப்பத்தைக் கிளை அலுவலகம் சரிபார்க்கிறது. ஊதியச் சீட்டு, பணிநீக்கக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை முதலாளியின் பதிவை மறுக்கத் தொழிலாளரிடம் உள்ள சான்றுகளாகும். ஊதியத்தில் பிடித்த பங்களிப்பைச் செலுத்தாதிருப்பது சட்டப்படி குற்றம். கிளை அலுவலகத்தில் தீர்வு கிட்டாதபோது, சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையிலுள்ள மண்டல அலுவலகத்தையோ, நடுவண் அரசின் இணையவழிக் குறைதீர் அமைப்பையோ அணுகலாம். விண்ணப்பத்தின் நிலையையும் மறுப்புக்கான காரணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம்
தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
தாம்பரம் மாநகராட்சி