புல்வெளியும் கூடாரமும்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலே கூடாரம் அடித்துத் தங்கி, சிங்கத்தையும் யானையையும் அவை வாழும் இடத்திலேயே கண்டு வருவதற்குச் ‘சபாரி’ என்று பெயர். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அதன் மூலம் அரபுச் சொல்லாகிய ‘சபர்’. அதனைத் தமிழ் முஸ்லிம்கள் நன்கு அறிவர், வங்காளியரும் வழங்குவர். சொல் நமக்குப் புதிதன்று. அது குறிக்கும் காட்சிக்கும் நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை.

கொல்கத்தாவில் வாழும் நாம், சியால்தாவில் இரவு வண்டி ஏறினால் மறுநாள் ஹாசிமாராவில் இறங்கலாம். அருகே, தோர்சா ஆற்றங்கரையில் ஜல்தாபாரா இருக்கிறது. அங்கே ஆளை மறைக்கும் உயரத்துக்குப் புல் வளர்ந்து நிற்கும். ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தின் இருப்பிடம் அது.

இப்பகுதியில் கூடாரம் அடிக்கும் வழக்கம் பழமையானதே. ஆனால் அந்நாளில் அங்கே தங்கியவர் கையில் துப்பாக்கி இருந்தது. கூச் பிஹார் மகாராஜா நிருபேந்திர நாராயணர் தம் 37 ஆண்டு வேட்டை வரலாற்றை 1908-இல் நூலாக வெளியிட்டார். கூச் பிஹார், துவார், அஸ்ஸாம் ஆகிய பகுதிகளில் அவருடைய வேட்டைகளில் மாண்டவை 365 புலிகள், 311 சிறுத்தைகள், 438 எருமைகள், 207 காண்டாமிருகங்கள். உயர்ந்த புல்லில் காலால் நடந்து வேட்டையாட இயலாது. ஆகவே யானைகளை வரிசையாக நடத்திப் புல்லைக் கலக்குவர். வெருண்டு வெளிப்படும் விலங்கு துப்பாக்கிக்கு இலக்காகும்.

அக்காலத்தில் இதனைப் பழியாகக் கருதியவர் சிலரே. 1909-இல் அமெரிக்கத் தலைவர் பதவியிலிருந்து விலகிய ரூஸ்வெல்ட், கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சபாரி சென்றபோதும் துப்பாக்கியோடுதான் சென்றார்.

காண்டாமிருகம் அருகிப்போகவே, 1941-இல் ஜல்தாபாரா சரணாலயம் ஆயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எனினும் கொம்புக்காகக் கள்ள வேட்டை நடத்தியவர்கள் ஓயவில்லை. 1980-களின் நடுவில் அங்கே எஞ்சியவை பதினைந்துக்கும் குறைவு. ஏட்டிலே சட்டம் இருப்பது வேறு, காட்டிலே காவல் இருப்பது வேறு என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின. காவல் வலுப்பெற்ற பின்னரே அவை பெருகின. 2012-இல் ஜல்தாபாரா தேசியப் பூங்கா ஆயிற்று. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 292 காண்டாமிருகங்கள் காணப்பட்டன. அந்தக் கணக்கெடுப்புக்கும் யானைகளே புல்லுக்குள் நடக்கின்றன. அன்று கொல்லுவதற்காகச் சென்ற யானைகள், இன்று எண்ணுவதற்காகச் செல்லுகின்றன.

இந்த மனமாற்றத்தில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கேமராவைத் தாங்கி நடந்தும், யானைமீது அமர்ந்தும் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக்கூரையின் அணிலைப் பற்றியும் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார். அன்றும் அவருடைய கட்டுரை வெளிவந்தது. சென்னையில் இருந்துகொண்டு, இந்நகரத்து வாசகர்க்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிழைப்புக்காக இங்கு வந்த நாம் அவரை நம்மவர் என்று கொண்டாடுவது பொருந்தும். அவர் வழியே பார்க்கப் பழகுவது அதனினும் பொருந்தும்.

மழைக்காலத்தில் மூடப்படும் பூங்கா செப்டம்பர் நடுவில் திறக்கும். பூஜை விடுமுறைக்கு ஊர் செல்ல இயலாதவர்கள், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை வடக்கே செல்லலாம். விடியற்காலையில், பனி விலகாத புல்லின் நடுவே, ஒரு காண்டாமிருகம் தன் கன்றுடன் நின்று மேய்வதைக் காண வாய்க்கலாம். அப்போது குழந்தைகளிடம் 207 என்ற கணக்கையும் 292 என்ற கணக்கையும் சொல்லுங்கள்.